வரிசையில் நின்றவை

வரவில்லை. கேபிள் போட்டு ஆப்பை ஏற்றிய போனுக்கு எச்சரிக்கை வருகிறது, ஸ்டோரின் முன்னோட்டப் பதிப்பாக ஏற்றிய போனுக்கு வரவில்லை. ஒரே ஆப், ஒரே சிவப்புப் பொத்தான், ஒரே சர்வர். ஆனால் மேஜைமேல் கிடக்கும் ஆபீஸ் போன் மட்டும் ஒவ்வொரு தடவையும் சைரன் ஊதித் துள்ளுகிறது, சட்டைப்பையில் இருக்கும் தன் போன் செத்த எலியாகக் கிடக்கிறது. இன்னொரு தடவை அழுத்து என்றான் திருமூர்த்தி. எதிர் மேஜையில் தாரணி இன்னொரு தடவை அழுத்தினாள். ஆபீஸ் போன் ஊதியது. சட்டைப்பை ஊதவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டேகால், கணபதி ஏரியாவில் தகரம் வெட்டும் ஒரு பிரஸ் பட்டறையின் மாடி. நான்கு மணிக்குள் ஆப்பைச் சரிசெய்து மறுபடி ஸ்டோருக்குச் சமர்ப்பித்தாக வேண்டும், திங்கட்கிழமை மில் முதலாளி தன் மில் விடுதிப் பெண்கள் எண்ணூறு பேர் முன்னால் அதைத் தொடங்கிவைக்கிறார், பந்தல்காரனுக்குக்கூடச் சொல்லியாயிற்று. ஆப்பின் பெயர் துணை. ஆபத்தில் மாட்டிய பெண் சிவப்புப் பொத்தானை மூன்று முறை அழுத்தினால், துணை ஒன்று, துணை இரண்டு என்று குறித்துவைத்த இரண்டு பேரின் போனிலும் சைரன் ஊத வேண்டும். அது ஒன்றுதான் அதன் வேலை, அந்த ஒரு வேலையைத்தான் அது செய்யவில்லை. எங்கள் போனில் எச்சரிக்கை வரவில்லை, ஆகவே நிராகரிக்கிறோம் என்று ஸ்டோர்க்காரர்கள் இரண்டாம் தடவையாக எழுதிவிட்டார்கள். எழுதியவன் எங்கோ ஏசி அறையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் கழுத்தை இந்தக் கேபிளாலேயே சுற்றி இறுக்கினால் எவ்வளவு நேரம் தாங்குவான், ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம், நாக்கு எப்போது வெளியே வரும் என்று நினைத்தபோது திருமூர்த்திக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. கீழே பிரஸ் இறங்கியது. டொக். அந்தச் சத்தம் ஏழு வருடமாகக் கேட்கிற சத்தம்தான், இன்றைக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் அவன் பிடரியில் இறங்கியது. வலது கையில் இன்னும் தேங்காயெண்ணெய் வாசம் போகவில்லை. வந்ததிலிருந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தான்.

எண்ணெய் அவனுடையது அல்ல, எண்ணெய் வைக்கிற அளவுக்கு அவன் தலையில் முடி கிடையாது. அது வாணியுடையது. கோகிலவாணி, ஒன்பது வருடமாக அவன் மனைவி, காலையில் குளித்துத் தலைவாரி, சமையல்கட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஏழரைக்கு அந்த மெயில் வந்தது. மறுபடியும் ரிஜெக்ட் பண்ணிட்டானுக என்று இவன் சொன்னான், அவளிடம்கூட அல்ல, சுவரிடம் சொன்னான். அவள் திரும்பாமலே, அது வேலை செய்யாதுங்க என்றாள். அந்த ஐந்து நொடியை அவன் காலையிலிருந்து நூறு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டான். அது வேலை செய்யாதுங்க. பி.காம் படித்துவிட்டு வீட்டில் இருப்பவளுக்கு அது வேலை செய்யுமா செய்யாதா என்று எப்படித் தெரியும்? குரலில் கேலி இருந்தது. இருந்ததா? கேலி இல்லாவிட்டால் அவனுக்கு ஏன் தலைக்கு ஏற வேண்டும், ஆகவே இருந்தது. தோசைக்கு மாவு புளித்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள், அதுதான் கேலி, அப்படித்தான் அவள் கேலி பண்ணுவாள். கை பட்டுவிட்டது. கை பட்டுவிட்டது என்றுதான் மனசுக்குள் எழுதிவைத்திருக்கிறான், ஏதோ கை அவனைக் கேட்காமல் தனியாக எழுந்துபோய்ப் பட்டுவிட்டுத் திரும்பி வந்தாற்போல. பட்ட கை முடியைப் பிடித்தது, பிடித்த கை இழுத்தது, இழுத்த கை விட்டது, விட்டதில் அவள் தலை கிரானைட் மேடையின் விளிம்பில் போய் மோதியது. டொக். அப்புறம் அவள் மேடைக்கும் சிலிண்டருக்கும் நடுவே உட்கார்ந்த மாதிரி இருந்தாள். உட்கார்ந்திருந்தாளா, சரிந்து கிடந்தாளா? பரவால்ல, போங்க என்று சொன்னாள். சொன்ன ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது ஏப்ரலில் சொன்னதாகவும் இருக்கலாம். தோசை கருகுகிற நாற்றம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது, ஆக யாரோ அடுப்பை அணைத்திருக்கிறார்கள். அவன் அணைக்கவில்லை என்றால் அவள் எழுந்து அணைத்திருக்கிறாள், எழுந்து அணைத்திருந்தால் அவளுக்கு ஒன்றுமில்லை. அவன் அணைத்திருந்தால்? தன் விரல்கள் அந்தக் கறுப்புக் குமிழைத் திருகியதாக நினைத்துப் பார்த்தான், திருகியதாகவும் இருந்தது, திருகாததாகவும் இருந்தது. ஒரு அடுப்பை அணைத்தது யார் என்று தெரியாமல் ஒருவன் ஆறு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறான்.

மறுபடி முதலிலிருந்து பார்ப்போம் என்று உரக்கச் சொன்னான். எச்சரிக்கை அனுப்பலாமா என்று ஆப் அனுமதி கேட்கிறதா? கேட்குதுங்ணா. அனுமதி கொடுத்ததும் போனின் முகவரி சர்வருக்கு வருகிறதா? வருதுங்ணா. ஆப்பின் அடையாளப் பெயர் ஒன்றேதானா, எழுத்துப் பிசகு ஏதாவது? எழுத்தெழுத்தா பாத்துட்டனுங்ணா. கம்பெனியின் அடையாள எண்? அதுவும் சரிதானுங்க. இத்தனையும் சரியென்றால் ஏன் வரவில்லை? தாரணி திரையை மேலும் கீழும் ஓட்டினாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது, சரவணம்பட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறாள், சந்தேகம் வந்தால் உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே திரையைப் பார்ப்பாள், அந்த முணுமுணுப்பு இன்று அவன் காதில் கொசுவாக ரீங்கரித்தது. நீதான் ஏதோ சொதப்பியிருக்கிறாய் என்றான். நான் தொடலீங்ணா, அந்தப் பக்கமெல்லாம் நீங்கதான் ஜனவரில போட்டீங்க என்றாள். நான் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லி அவன் மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டான். டீ டம்ளர் உருண்டது, ஆபீஸ் போன் தரையில் விழுந்து மூலையில் விரிசல் விட்டது. அவன் பார்த்தது போனை அல்ல. தாரணியின் இரண்டு கையும் முகத்துக்கு முன்னால் எழுந்து நின்றன, வலது முழங்கை கொஞ்சம் மேலே, தலை கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து. வாணி நிற்பது போலவே. பெண்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கிறார்களா என்ன? அம்மாவும் அப்படித்தான் நிற்பாள். அப்பாவுக்குப் பிரஸ்ஸில் இரண்டு விரல் போய்விட்டது, இதே மாதிரி ஒரு பட்டறையில்தான், ஆகவே அம்மாவின் கன்னத்தில் எப்போதும் மூன்று விரல்தான் பதியும். சின்னவயதில் திருமூர்த்தி அந்த மூன்றையும் எண்ணியிருக்கிறான், நான் பெரியவனானால் இவரை இதே பிரஸ்ஸுக்குள் தள்ளி மிச்சத்தையும் நசுக்குவேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறான். அப்பா யாரும் தள்ளாமல் தன் கட்டிலில் படுத்துத்தான் செத்தார். மகனுக்கு ஐந்து விரலும் பத்திரமாக இருக்கின்றன.

தாரணி கையை இறக்கி, துணி எடுத்து டீயைத் துடைத்தாள். திருமூர்த்தி சாரி என்று சொல்ல வாயெடுத்து, சொன்னால் குத்தியது பெரிய விஷயமாகிவிடும் என்று விட்டுவிட்டான். எழுந்து வராந்தாவுக்குப் போய் வாணியை அழைத்தான். காலையிலிருந்து இது பன்னிரண்டாவது தடவை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோபத்தில் எடுக்காமல் இருக்கிறாள், மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு டிவி பார்க்கிறாள், வரட்டும், சாயந்திரம் போய்ப் பேசிக்கொள்கிறேன். அந்த நினைப்பு ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்கும். அப்புறம் மேடைக்கும் சிலிண்டருக்கும் நடுவே அந்தப் போன் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைவது தெரியும், பக்கத்தில் ஒரு கை, அதன் வளையல், வளையலுக்குப் பக்கத்தில் தரையில் ஏதோ. ரத்தம் காதிலிருந்து வந்தால் மோசம் என்று எங்கோ படித்திருக்கிறான். வந்ததா? அவன் பார்க்கவில்லை, ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டிருந்தான். கீழ்வீட்டு அம்மிணியக்காவுக்கு ஒரு போன் போட்டால் போதும், கொஞ்சம் மேலே போய்ப் பார்த்துச் சொல்லுங்க்கா என்று. இரண்டு நிமிட வேலை. ஆனால் ஏன் என்று கேட்பார்கள், மேலே போவார்கள், பார்ப்பார்கள். பார்த்தால் தெரிந்துவிடும். நன்றாக இருந்தாலும் தெரியும், நன்றாக இல்லாவிட்டாலும் தெரியும். வீட்டுக்கே ஓடிவிடலாம், பைக்கில் இருபது நிமிடம்தான், ஆனால் நான்கு மணி. நான்கு மணி இல்லாவிட்டால் போயிருப்பான் என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டதை நாம் நம்ப வேண்டியதில்லை. கதவைத் திறந்து பார்க்கிற பயம் ஒரு பக்கம், யாரோ திறந்து பார்த்துவிடுவார்களோ என்கிற பயம் ஒரு பக்கம், இரண்டாவது கொஞ்சம் பெரிதாக இருந்தது. அவள் உயிரைவிடத் தன் பெயர் பெரிதா என்று நேராகக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவான். யாரும் கேட்கவில்லை.

உள்ளே வந்தபோது தாரணி, அண்ணா, ஒண்ணு பண்ணலாங்களா, அக்கா போன்லயும் நம்ம ஆப் இருக்குதுங்ளே, அக்காவ ஒரு தடவ அழுத்தச் சொல்லுங்க, ஆபீசுக்கு வெளிய இருந்து வந்தா எப்படின்னு பாத்துரலாம் என்றாள். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாரணி வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, வெளியாட்கள் போனில் சோதிக்க வேண்டும் என்று வாணியின் போனில் அதை ஏற்றியது இவள்தான். துணை ஒன்று, திருமூர்த்தி, கணவர். துணை ரெண்டு யாருங்க்கா என்று கேட்டதற்கு வாணி, எனக்கு இந்த ஊர்ல வேற யாரு இருக்கறா, உன்னையவே போட்டுக்க சாமி என்று சிரித்தாள். அப்புறம் அதை யாரும் அழுத்திப் பார்க்கவில்லை. ஆபீஸ் போன் ஊதியது, அது போதுமென்று இருந்துவிட்டார்கள். அவ தூங்குவா, தொந்தரவு பண்ண வேண்டாம் என்றான். இந்நேரத்துலீங்களா? தலைவலின்னு சொன்னா. சொன்ன பிறகு அந்த வார்த்தை வாய்க்குள்ளேயே கிடந்தது. தலைவலி. இவள் ஏன் என்னையே பார்க்கிறாள்? இவளுக்கு ஏதாவது தெரியுமா? ஏப்ரலில் வாணியின் கையில் கட்டு இருந்தபோது இவள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள், பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று வாணியே சொன்னாள், இவன் சொல்லச் சொல்லிச் சொல்லவில்லை, அவளாகத்தான் சொன்னாள். அப்படியென்றால் வழுக்கித்தானே இருக்க வேண்டும்? இந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தால் ஸ்டேப்ளரை எடுத்து எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. தான் எறியாமல் விட்டவற்றையெல்லாம் ஒருவன் கணக்கில் எடுத்துக்கொண்டால் அவனும் நல்லவன்தான்.

மூன்று பத்து. சர்வர் திருப்பித் துப்பிய வரியை மறுபடி படித்தான். சாவி பொருந்தவில்லை. சாவி என்றால், போன் கம்பெனியின் வாசலில் நின்று, இந்த எச்சரிக்கையை இந்தப் போனிடம் சேர்த்துவிடு என்று சொல்வதற்கு நம் சர்வருக்குக் கொடுத்திருக்கிற அனுமதி. சாவி இருக்கிறது, ஏற்றியாயிற்று, அதைத்தான் காலையிலிருந்து பத்துத் தடவை பார்த்தாயிற்று. இருக்கிறதா என்று பார்த்தானே தவிர எந்த வாசலுக்கான சாவி என்று பார்க்கவில்லை. இப்போது அதைத் திறந்தான். ஓரத்தில், சின்ன எழுத்தில், சோதனைக்கு மட்டும். கேபிள் போட்ட போனுக்கு ஒரு வாசல், ஊருக்குள் போன போனுக்கு இன்னொரு வாசல், ஜனவரியில் அவசரத்தில் அவன் முதல் வாசலுக்கு மட்டும் சாவி வெட்டியிருக்கிறான். கீழே தேதி இருந்தது, பெயரும் இருந்தது. தாரணியின் பெயர் அல்ல. அது வேலை செய்யாதுங்க. எப்படித் தெரியும் அவளுக்கு? காதில் அந்த வார்த்தை மறுபடி மறுபடி வந்து இடித்தது, கூடவே பிரஸ், டொக், அது வேலை செய்யாதுங்க, டொக். தன் தப்புதான் என்று தெரிந்ததும் அவமானம் வரவில்லை, கோபம்தான் வந்தது, பழைய திருமூர்த்தியை, ஜனவரித் திருமூர்த்தியைப் பிடித்து இழுத்துவந்து இந்தக் கண்ணாடி மேஜையில் முகத்தை அரைக்க வேண்டும் என்கிற கோபம். வேறு யாராவது பக்கத்தில் கிடைத்தால் அவர்கள் முகத்தையும். புதுச் சாவி வெட்டினான், இரண்டு வாசலுக்கும். ஏற்றினான். தேங்க்ஸ் தாரணி, என் தப்புதான் என்று சொல்ல வேண்டிய இடம் அது. உன்னால ஒரு நாள் வேஸ்ட் என்று சொன்னான்.

வரிசைல நிக்கிறத அனுப்பலாங்களா என்று தாரணி கேட்டாள். அந்த வரிசை திருமூர்த்தியின் பெருமை. உதவி கேட்டு ஒரு பெண் அழுத்தியது எதுவும் தொலையக் கூடாது, நெட் இல்லையா, சர்வர் படுத்துவிட்டதா, எச்சரிக்கை வரிசையில் நின்றுகொண்டே இருக்கும், வழி திறந்ததும் பழையதிலிருந்து புதியது வரை ஒவ்வொன்றாகப் போய்ச் சேரும். மில்லில் இதை விளக்கியபோது மேனேஜர்கள் கை தட்டினார்கள். எத்தனை நிக்குது? நாப்பத்தேழுங்ணா, மத்தியானத்துல இருந்து நான் அழுத்துனதே நாப்பது இருக்கும். மிச்சம் ஏழும் ஸ்டோர்க்காரன் அழுத்தியதாக இருக்கும் என்று அவன் நினைத்தான். அனுப்பு. தாரணி தட்டினாள்.

சட்டைப்பை ஊதியது. அந்த ஒரு நொடி திருமூர்த்தி சந்தோஷமாக இருந்தான், சுத்தமான, யார்மேலும் கோபமில்லாத சந்தோஷம், சின்னவயதில் பட்டம் ஏறியபோது இருந்ததே அது. அதே நொடியில் எதிர் மேஜையில் தாரணியின் கைப்பைக்குள்ளும் ஊதியது. வந்துருச்சுங்ணா என்று சிரித்துக்கொண்டே அவள் போனை எடுத்தாள். இவனும் எடுத்தான். கோகிலவாணி ஆபத்தில் இருக்கிறார், உடனே உதவுங்கள். பிப்ரவரி 26, இரவு 9.10. அந்த வாக்கியத்தை எழுதியவன் அவன்தான், சுருக்கமாக இருக்க வேண்டும், படித்ததும் காலில் செருப்பை மாட்ட வேண்டும் என்று யோசித்து எழுதியது. பிப்ரவரி 26 என்ன நாள்? அவளுடைய அண்ணன் போன் பண்ணிய நாள், ரிமோட் உடைந்த நாள். மறுபடி ஊதியது, இரண்டு இடத்திலும் ஒன்றாக. ஏப்ரல் 14. பாத்ரூமில் வழுக்கிய நாள். மறுபடி. ஜூன் 3. மறுபடி. ஜூலை 30. ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குத் தனியாக, வேறு வேறு காரணத்தோடு, வேறு வேறு பெயரோடு அவனிடம் இருந்த நாட்கள்தான், முதல் தடவையாக ஒன்றன் பின்னால் ஒன்றாக வந்து நின்றன. தாரணியின் சிரிப்பு முகத்தில் எடுக்க மறந்ததுபோல இன்னும் கொஞ்சம் இருந்தது. இன்று காலை 7.41. இன்று காலை 7.43. அப்போது அவன் அவளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான், இந்தப் போன் இதே சட்டைப்பையில் இருந்தது. துணை ஒன்று யார் என்று அவளுக்குத் தெரியும். இவன் நெஞ்சுமேல் ஊதும் என்று தெரிந்துதான் ஒவ்வொரு தடவையும் அழுத்தியிருக்கிறாள், ஊதினால் இவன் திடுக்கிட்டாவது நிற்பான் என்று. ஒரு தடவையும் ஊதவில்லை. அதனால்தான் சொன்னாள். கேலி இல்லை, புகார்கூட இல்லை, ஐந்து மாதமாகத் தான் சோதித்துப் பார்த்ததைச் சொன்னாள், அவன் சம்பளம் வாங்குகிற வேலையில் அவனுக்குத் தெரியாததைச் சொன்னாள், அதற்குத்தான் அடித்தான்.

கடைசியாக ஒன்று. இன்று காலை 7.52. 7.52க்கு அவன் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தான். அப்படியென்றால் அவன் வீட்டைவிட்டுக் கிளம்பிய பிறகும் அவளுக்கு விரல் அசைந்திருக்கிறது, எழுந்திருக்கிறாள், அடுப்பை அவள்தான் அணைத்திருக்கிறாள். அப்பாடா என்று அவன் உடம்பு முழுக்கத் தளர்ந்தது, அந்த வெட்கங்கெட்ட ஆறுதலை என்னவென்று சொல்ல. பிறகு, அவன் இல்லாதபோது எதற்கு அழுத்தினாள் என்று புரிந்தது. அது அவனுக்கல்ல. துணை இரண்டுக்கு. அதற்குள் தாரணியின் மத்தியான நாற்பதும் வரத் தொடங்கிவிட்டன, சோதனை ஊழியர் ஆபத்தில் இருக்கிறார், சோதனை ஊழியர் ஆபத்தில் இருக்கிறார், சைரன் நிற்காமல் அலறியது, அவன் பொத்தானை அமுக்கினான், போனைத் தொடைக்கு அடியில் திணித்தான், உள்ளங்கையால் பொத்தினான், எளிதில் அணைக்க முடியாதபடி அதைச் செய்ததும் அவன்தான். தாரணி, நான் சொல்றதக் கேளு, அது பழைய டெஸ்ட் டேட்டா என்று கத்தினான். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதல் எச்சரிக்கையிலிருந்து மறுபடி தேதி தேதியாகப் படித்தாள், ஏப்ரலில் கொஞ்ச நேரம் நின்றாள். அவன் எழுந்து ஒரு எட்டு வைத்தான், எதற்கென்று அவனுக்கே தெரியாது, அந்தப் போனைப் பிடுங்கவோ, அல்லது காலையில் முடியைப் பிடித்த மாதிரி. இந்தத் தடவை அவள் கையை முகத்துக்கு முன்னால் தூக்கவில்லை. தள்ளி நில்லுங்க என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை. அவன் நின்றான்.

நாற்பதும் தீர்ந்து சைரன் ஓய்ந்தது. கீழே பட்டறையில் டீக்கு நிறுத்தியிருந்தார்கள், பிரஸ் சத்தமும் இல்லை. திரையில், திருத்தியது என்ன என்று கேட்டு ஸ்டோரின் கட்டம் காலியாக மினுங்கிக்கொண்டிருந்தது. தாரணி ஒரு எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள், எதிரில் நிற்பவனும் கேட்கட்டும் என்று போட்டாளோ, விரல் தவறிப் பட்டதோ. ஒரு மணிகூட முழுதாக அடிக்கவில்லை. பன்னிரண்டு தடவை அவனுக்கு எடுக்காத போன் எடுக்கப்பட்டது. அக்கா என்றாள் தாரணி. அந்தப் பக்கம் வாணி, தோசைக்கு மாவு புளித்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில், உதடு வீங்கியதால் வார்த்தை கொஞ்சம் குழற, கேட்டாள்.

"இப்பத்தான் வந்துச்சா சாமி?"

தாரணி ஆமாங்க்கா என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டிச் சாவியை எடுத்தாள்.